சொந்தத்துல ஒரு கேஸ்

செங்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றால் முதலில் தலையைத் தூக்குவது அங்கே படுத்திருக்கும் நாய். அதைத் தாண்டிக் குதித்து ஓடுவது பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவிகள். இறங்குவது கர்ப்பிணியாக இருக்க வேண்டும், வலியோடு இருக்க வேண்டும், கூட வருகிற மாமியார் மதுரைக்கே போயிடலாம் என்று முனகாதவளாக இருக்க வேண்டும். பெரும்பாலும் இறங்குவது எங்கேயோ வேறொரு நாய் கடித்த ஆளாக இருக்கும். மாணவிகளும் வாசல் நாயும் ஒரே மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விடுவார்கள்.

பிரசவம் பார்க்கப் படிக்கிற பிள்ளைகள், படிப்பு முடிவதற்குள் தங்கள் கையால் இத்தனை குழந்தைகளை எடுத்திருக்க வேண்டும் என்பது விதி. குறைந்தால் பரீட்சை கிடையாது. விதி எழுதியவர்கள் இதைச் செங்குளத்துப் பெண்களிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர்கள் பாட்டுக்கு மேலூர் தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் பண்ணிக்கொண்டார்கள், அல்லது மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனார்கள். மிச்சம் விழுகிற ஒன்றிரண்டுக்கு நான்கு மாணவிகள் நின்றார்கள். சண்டை முற்றாமல் இருக்க அவர்களே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள்: வந்த பெண்ணின் வயிற்றில் யார் முதலில் கை வைக்கிறாளோ, அவளுக்குத்தான் கேஸ். இதனால் அந்த வட்டாரத்தில் கொஞ்சம் தொப்பையுள்ள பெண்கள் தலைவலி மாத்திரை வாங்கக்கூட அங்கே வரத் தயங்கினார்கள்.

ரூபினாவுக்கு ஒரே ஒரு கேஸ் குறைந்தது. பயிற்சி சனிக்கிழமையோடு முடிகிறது.

அவள் அப்பா முகமது யாசீன் மதுரையில் ரெக்சின் பை தைக்கிறவர். போனில் சுருக்கமாகப் பேசுவார், வாயில் நூல் இருக்கும்.

"இன்னொரு வருசமெல்லாம் கிடையாதும்மா. முபீன் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க. பரீட்சை எழுதுறியா, எழுது. எழுத விடலையா, பெட்டியக் கட்டு. நிக்காஹ் வச்சிருவோம்."

"அத்தா, பரீட்சைக்குப் பதிலு நிக்காஹா?"

"அதுல எல்லாரும் பாஸ்தானம்மா" என்று வைத்துவிட்டார்.

முபீன் அவளுடைய தாய்மாமன் மகன். நெல்பேட்டையில் செல்போன் கவர் விற்கிறான். கெட்டவன் இல்லை. நல்லவன் என்பதற்கும் அதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாமா என்று ரூபினா கேட்டதற்கு, "படியேன், வீட்டுலயே என்ன புக்கு வேணும்னாலும் படி" என்று பெருந்தன்மையாகச் சொன்னான்.

பயிற்சிக் காலத்தில் ரூபினா தங்கியது சைனப் வீட்டில். சைனப், ரூபினாவின் அண்ணன் உமர் பாரூக்குக்கு மாமியார். செங்குளம் பள்ளிவாசல் தெருவில் ஓடு வேய்ந்த வீடு. கணவர் மௌத்தான பிறகு இடியாப்பம் அவித்து விற்றுத்தான் மகள் சுஃபியாவை அவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். இப்போது சுஃபியா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கிவிட்டது.

விடிந்ததும் சைனப் மாவைப் பிசைவாள். கொதிதண்ணீரை ஊற்றிக் கரண்டிக்காம்பால் கிளறி, சூடு பொறுக்கிற பக்குவம் வந்ததும் கையை விடுவாள். அச்சைப் பிழிகிற வேலை ரூபினாவுக்கு. இருந்த இடத்திலேயே காலை நீட்டிக்கொண்டு தேங்காய் திருகுவது சுஃபியாவுக்கு. பங்குனி வெயில் காலையிலேயே ஓட்டின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். இட்லிச் சட்டி ஆவியும் அதுவும் சேர்ந்தால் மூன்று பெண்களும் தாங்களே வெந்துகொண்டிருப்பதுபோல இருப்பார்கள்.

"மாமி, மதினிய எங்க சென்டருக்கே கூட்டிட்டு வாங்க" என்று அந்தத் திங்கட்கிழமை ரூபினா ஆரம்பித்தாள். அச்சைத் திருகிக்கொண்டே, சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"மேலூர்ல சொல்லி வச்சாச்சு ரூபி. அந்தம்மா கைராசின்னு ஊரே சொல்லுது."

"கைராசி இல்ல மாமி, கத்தி ராசி. போனவுக ஒருத்தராவது தையல் இல்லாம வந்திருக்காகளா? மதினிக்கு எல்லாமே நல்லாருக்கு. தல கீழ இருக்கு, தண்ணி நல்லாருக்கு. சொகமாப் பெறுற புள்ளைய ஏன் கிழிக்கணும்?"

"ஒனக்கு ஒரு கேஸு கொறையுதுன்னு என் வயித்தக் கேக்குறியாடி?" என்றாள் சுஃபியா.

அச்சிலிருந்து மாவு விழுவது நின்றுபோனது. பிறகு சுஃபியாவே சிரித்துவிட்டாள்.

"ஆமா மதினி. வெக்கத்த விட்டுக் கேக்குறேன். அதுக்காகப் பொய் சொல்லல. நான் பக்கத்துலயே இருப்பேன். கனகலட்சுமி அக்கா இருக்காங்க. ஏதாச்சும் ஒண்ணுன்னா நொடியில மதுரைக்கு அனுப்பிருவாங்க. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்கிது."

சைனப் ஒரு தட்டு இடியாப்பத்தைக் கவிழ்த்து, துணியை உரித்து, ஆவி அடங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மகள நான் ஆஸ்பத்திரிய நம்பி விடல. ஒன்னிய நம்பி விடுறேன். சரியா?"

"இன்ஷா அல்லா மாமி."

சுஃபியாவுக்குப் புதன்கிழமை காலையில் வலி எடுத்தது. ஷேர் ஆட்டோவை வழியில் யாரையும் ஏற்றாமல் நேராக ஓட்டச் சொன்னார்கள். வாசலில் வண்டி நின்றதும் மாணவிகள் ஓடி வந்தார்கள். முன்னால் வந்தவள் ஜெயக்கொடி. வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண், தன் கணக்கை எப்போதோ முடித்துவிட்டுப் பழக்கதோஷத்தில் இன்னும் ஓடுகிறவள். ஆட்டோவுக்குள் எட்டிப் பார்த்தாள். ரூபினாவின் கை ஏற்கெனவே வயிற்றின் மேல் இருந்தது.

"ஏய், வீட்டுலருந்தே கைய வச்சு எடுத்துட்டு வந்திருக்கே! இது போங்கு."

"எங்க மதினிடி."

"சொந்தத்துல கேஸு புடிக்கக் கூடாதுன்னு சட்டத்துல சேத்திருக்கணும். தப்புப் பண்ணிட்டோம்" என்று சொல்லிக்கொண்டே சுஃபியாவின் இன்னொரு கையைப் பிடித்து இறக்கினாள் ஜெயக்கொடி. "பயப்படாதீங்க மதினி. எனக்கும் நீங்க மதினிதான் இன்னைக்கு."

புதன்கிழமை தடுப்பூசி நாள். முன்கூடம் முழுக்கக் குழந்தைகள். ஒன்று அழுதால் அடுத்தது எதற்கென்று தெரியாமலே சேர்ந்துகொண்டது. செவிலியர் கனகலட்சுமி ஊசியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்து சுஃபியாவைப் பரிசோதித்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

"தலப்புள்ள. சாயங்காலம் ஆயிரும். பொறுமையா இருக்கணும். ரூபினா, கொழந்தையோட இதயத்துடிப்பக் கேட்டுக்கிட்டே இரு. தண்ணி ஒடைஞ்சாச் சொல்லு. தண்ணி என்ன நெறத்துல இருக்கணும்?"

"அரிசி கழுவுன தண்ணி மாதிரி, இல்லேன்னா எளநி மாதிரி இருக்கணும்க்கா."

"பச்சையா இருந்தா?"

"கொழந்த உள்ளயே மலம் போயிருச்சு. அத மூச்சுல இழுத்துரும். உடனே மதுரைக்கு அனுப்பணும்."

"ரோட்டு சிக்னல்லதான் பச்சைன்னா மெதுவாக் கெளம்பலாம். இங்க பச்சைன்னா ஓடணும். நான் முன்னாடி இருக்கேன், ஒரு சத்தம் குடு" என்றுவிட்டு ஊசிக்குப் போனாள்.

மதியம் ஏறியது. மின்விசிறி சுற்றியது, ஆனால் யாருக்காகச் சுற்றுகிறது என்று தெரியவில்லை. சுஃபியா வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்தாள், வலி போனதும் கணவனைத் திட்டினாள். சைனப் மகளின் தலைமாட்டில் நின்று துவா ஓதி ஊதினாள். ரூபினா இடுப்பை அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

"ஒங்கண்ணே எங்கடி?"

"அவனியாபுரத்துல பட்டறையிலதான் மதினி. சொல்லியாச்சு. லேத்துல ஏதோ மாட்டிருக்காம், முடிச்சுட்டு வாரேன்னாரு."

"இங்க மாட்டிருக்கிறது யாருன்னு கேளு."

சைனப் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "நீங்க ரெண்டு பேரும் காலையிலருந்து ஒண்ணுமே சாப்பிடல. நான் போயி டீ வாங்கிட்டு வாரேன்" என்று தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் தண்ணீர் உடைந்தது.

ரூபினா அடியில் விரித்திருந்த துணியை உருவினாள். வெளிச்சம் படுகிற பக்கம் திருப்பினாள். வெள்ளைத் துணி. நடுவில், கீரை வேக வைத்து வடித்த தண்ணீரின் நிறம். திட்டமான பச்சை என்று சொல்ல முடியாது. பச்சை இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஒரு சத்தம் கொடுத்தால் போதும். முன்கூடத்தில் கனகலட்சுமியின் குரல் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. யாரோ ஒரு தகப்பனிடம் பிள்ளையின் தொடையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சத்தம் கொடுத்தால் அவள் வருவாள், பார்ப்பாள், வண்டியைக் கூப்பிடுவாள். சுஃபியா மதுரைக்குப் போவாள். குழந்தையை மதுரையில் யாரோ எடுப்பார்கள். சனிக்கிழமைக்குள் செங்குளத்தில் இன்னொரு கர்ப்பிணி வருவாள் என்பதற்கு ஆண்டவன்கூட உறுதி சொல்ல மாட்டான்.

துடிப்புக் கேட்கும் கருவியை வயிற்றில் வைத்துக் கேட்டாள். துடிப்பு நன்றாக இருந்தது. குதிரை ஓடுவதுபோலச் சீராக இருந்தது.

நல்லாத்தான இருக்கு, என்று நினைத்தாள். துணிக்கே ஏதாவது சாயம் இருந்திருக்கும். ஆஸ்பத்திரித் துணிக்கு யார் உத்தரவாதம்? அடுத்த வலியில் வருகிற தண்ணீரைப் பார்ப்போம். அது வெள்ளையாக இருந்தால் இது ஒன்றுமில்லை.

துணியைச் சுருட்டி அழுக்குத் துணி வாளியின் அடியில் திணித்தாள். புதுத் துணி விரித்தாள்.

"என்னடி, தண்ணி ஒடைஞ்சிருச்சா? நல்லாருக்கா?"

"நல்லாருக்கு மதினி."

இந்த இரண்டு வார்த்தையைச் சொன்னபோது தன் குரல் கனகலட்சுமியின் குரல்போலத் தெளிவாக இருந்ததில் அவளுக்கே ஆச்சரியம்.

அடுத்த வலி வந்தது. வந்த தண்ணீர் கொஞ்சம்தான். நிறம் சொல்லும் அளவுக்கு இல்லை. இன்னொரு வலி பார்ப்போம் என்று நினைத்தாள். ஜெயக்கொடி எட்டிப் பார்த்தாள். "என்னடி, ஆச்சா?"

"இல்ல. நீ போ, முன்னாடி கூட்டமா இருக்குல்ல."

"மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்கு? நீயா புள்ள பெறப் போற?" என்றுவிட்டுப் போனாள் ஜெயக்கொடி.

சைனப் தூக்குவாளியோடு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. "இங்கன கடையில பால் இல்லேண்டான். பஸ் ஸ்டாப் வரைக்கும் போயி வாங்கியாந்தேன். சுடச்சுட இருக்கு, இந்தா." டம்ளரில் ஊற்றி, ஆற்றி, முதலில் ரூபினாவின் கையில் கொடுத்தாள். "குடி புள்ள. நீ தெம்பா இருந்தாத்தான எம்மகளப் பாப்ப."

ரூபினா குடித்தாள். குடிக்காவிட்டால் ஏன் என்று கேட்பாளே என்று குடித்தாள்.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மறுபடி கருவியை வைத்தாள். வலி வந்து அடங்கும் நேரம். ஓடிக்கொண்டிருந்த குதிரை மெதுவாக நடந்தது. நின்று நின்று நடந்தது. கட்டிலில் இப்போது வழிந்தது தண்ணீரே இல்லை. பட்டாணியை மசித்துக் கரைத்ததுபோல இருந்தது.

"அக்கா!" என்று அலறினாள். "கனகலட்சுமிக்கா!"

முன்கூடத்தில் எல்லாக் குழந்தைகளும் ஒரு நொடி அழுகையை நிறுத்தின.

கனகலட்சுமி ஓடிவந்து பார்த்தாள். முகம் மாறவில்லை, கை மட்டும் வேகமானது. "இடது பக்கமாத் திரும்பிப் படும்மா. ஜெயக்கொடி, வண்டிக்குச் சொல்லு. ரூபினா, எப்பலேர்ந்து பச்சை?"

"இப்பத்தான்க்கா."

"தண்ணி எப்ப ஒடைஞ்சது?"

"இப்பத்தான்."

கனகலட்சுமி அதை அப்படியே எழுதி அனுப்பினாள். எழுதும்போது ரூபினாவின் தோளில் தட்டி, "பாத்த உடனே கூப்பிட்டியே, நல்ல வேல செஞ்ச" என்றாள்.

சைனப்பை முன்னால் ஏற்றிக்கொண்டு வண்டி நான்குவழிச் சாலையில் கல் ஏற்றிய லாரிகளைக் கத்தி ஒதுக்கிக்கொண்டு போனது. உள்ளே வண்டி உதவியாளர் பீமாராவ் சுஃபியாவின் முகத்தில் ஆக்சிஜன் வைத்துப் பிடித்திருந்தார். ரூபினா வயிற்றிலிருந்து கருவியை எடுக்கவே இல்லை. சுஃபியா முகமூடிக்குள்ளிருந்து ஏதோ சொன்னாள்.

"என்ன மதினி?"

"நல்லாருக்கான்னு கேட்டேன்."

இந்தத் தடவை ரூபினாவால் சொல்ல முடியவில்லை. பீமாராவ்தான், "நல்லாருக்கும்மா, வந்துட்டோம்மா, ஒத்தக்கடை தாண்டிட்டோம்" என்றார். அப்போது வண்டி ஒத்தக்கடைக்கே வந்திருக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் வாசலிலிருந்து நேராக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள். வெயில் இறங்குவதற்கு முன் குழந்தையை எடுத்துவிட்டார்கள். ஆண் குழந்தை. அழவில்லை. ஒரு துணியில் சுற்றிக்கொண்டு ஒருவர் ஓட, பின்னால் ஒருவர் மூச்சுக் கொடுக்கும் பையை அழுத்திக்கொண்டே ஓடியதைச் சைனப் பார்த்தாள். பேரன் என்று அவள் பார்த்தது அந்தத் துணியின் நுனியைத்தான்.

உமர் பாரூக் கையில் கிரீஸ் கறையோடு வந்து சேர்ந்தான். யாசீன் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்திருந்தார். சட்டையில் நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன. குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நடைபாதையில் துண்டை விரித்து உட்கார்ந்தார்கள். அங்கே ஏற்கெனவே நாலைந்து குடும்பங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தன.

"ஒந்தங்கச்சி மட்டும் இல்லேன்னா என் மக மௌத்தா வந்திருப்பா மாப்ள" என்று சைனப் மருமகனிடம் சொன்னாள். "பாத்தா பாரு, பாத்த ஒடனே ஒரு கத்து. அந்த நர்சம்மாவே சொல்லுச்சு. வேற புள்ளைகளா இருந்தா முழிச்சுக்கிட்டு நின்னிருக்கும்."

பக்கத்துத் துண்டுக்காரம்மா எட்டிப் பார்த்தாள். "இந்தப் புள்ளையா? இம்புட்டூண்டு இருக்கு?"

"இம்புட்டூண்டுதான். ஆனா வெவரம்" என்றாள் சைனப். ரூபினாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கையை உருவவும் முடியாமல், அப்படியே வைத்திருக்கவும் முடியாமல் ரூபினா உட்கார்ந்திருந்தாள்.

உமர் பாரூக் தங்கையின் தலையில் கை வைத்தான். கிரீஸ் ஒட்டிவிடும் என்று உடனே எடுத்தான்.

யாசீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான் முபீன் வீட்டுக்குச் சொல்லிர்றேன்மா. ஒரு வருசம் பொறுக்கச் சொல்றேன். பொறுக்காட்டிப் போறாங்க. ஒரு உசுரக் காப்பாத்துற கை இது, இத வச்சுச் சட்டி வெளக்கச் சொல்ல எனக்கு மனசு வரல. நீ படி."

அவள் பல மாதமாகக் கேட்டது. எத்தனையோ விதமாகக் கேட்டது. அழுது கேட்டது, சாப்பிடாமல் கேட்டது. இப்போது கேட்காமலே வந்து மடியில் விழுந்தது.

கதவைத் திறந்துகொண்டு ஓர் இளம் டாக்டர் வந்தார். கனகலட்சுமி எழுதி அனுப்பிய சீட்டு அவர் கையில் இல்லை, வெறும் பேனாதான் இருந்தது. தூங்கி ரொம்ப நாளான கண்கள்.

"சுஃபியா குழந்தைக்குச் சொந்தக்காரங்க யாரு?"

எல்லோரும் எழுந்தார்கள்.

"குழாய் போட்டு மூச்சுக் குடுத்துட்டிருக்கோம். நெஞ்சுக்குள்ள நெறைய இழுத்திருக்கு. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. அங்க லேபர் ரூம்ல கூட இருந்த நர்ஸ் யாரும் வந்திருக்காங்களா?"

"இந்தா, இவதான்" என்று சைனப் ரூபினாவை முன்னால் தள்ளினாள். பெருமையாகத் தள்ளினாள்.

"ஸ்டூடண்டா? சரி. தண்ணி உடைஞ்சதும் பச்சையாப் பாத்ததும் ஒரே நேரம், உடனே அனுப்பிட்டோம்னு எழுதியிருக்கு. உள்ள இருக்கிறதப் பாத்தா எனக்கு அப்பிடித் தெரியல. மூளைக்கு எவ்வளவு நேரம் காத்து கம்மியாப் போயிருக்குன்னு தெரிஞ்சா, அடுத்து என்ன செய்யறதுன்னு முடிவு பண்ண எனக்கு உதவியா இருக்கும். யாரையும் குத்தம் சொல்லக் கேக்கல. எப்பம்மா பாத்தே?"

நடைபாதையில் மருந்து ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனது. அது போய் முடிகிறவரை ரூபினா நின்றாள்.

"முன்னாடியே பாத்துட்டேன் சார்."

"எம்புட்டு முன்னாடி?"

"மாமி டீ வாங்கப் போனாங்க. அவங்க போன ஒடனே தண்ணி ஒடைஞ்சது. அப்பவே பச்சையாத்தான் இருந்துச்சு. துணிய ஒளிச்சு வச்சுட்டேன். அவங்க டீ வாங்கிட்டு வந்து, நான் குடிச்சு முடிச்சதுக்கு அப்புறந்தான் அக்காவக் கூப்பிட்டேன். துடிப்பு அதுவரைக்கும் நல்லா இருந்துச்சு சார். கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். கொறைஞ்சது அப்பத்தான்."

"கொறைஞ்சதும் கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேன்."

டாக்டர் உள்ளங்கையில் பேனாவால் எதையோ எழுதிக்கொண்டார். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். கதவு தானாக மூடிக்கொண்டது.

யாசீன் மெல்லத் துண்டில் உட்கார்ந்தார். உமர் பாரூக் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். பக்கத்துத் துண்டுக்காரம்மா தன் பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

"மாமி" என்றாள் ரூபினா.

சைனப்பின் உதடு மட்டும் அசைந்தது. துவாவா, திட்டா, நடந்து போய்வந்த தூரத்தைக் கணக்குப் பார்க்கிறாளா என்று தெரியவில்லை.

நடைபாதைக் கோடியிலிருந்து ஒரு பணியாளர் கூப்பிட்டாள். "சுஃபியாகூட யாரு? மயக்கம் தெளிஞ்சிருச்சு. பொம்பளையாள் ஒருத்தர் வாங்க. ஒருத்தர்தான்."

பழக்கத்தில் ரூபினா ஓர் அடி எடுத்து வைத்தாள்.

"நீ இரு" என்றாள் சைனப்.

முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். நாலு எட்டு போனவள் நின்றாள். நின்று, திரும்பி வந்தாள். வந்து ரூபினாவுக்கு எதிரே சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"வயித்தக் கிழிச்சிருக்கு. எனக்கு அது ஒண்ணும் தெரியாது. அவளுக்கு வலிச்சா எப்பிடித் திருப்பணும்? தண்ணி கேட்டாக் குடுக்கலாமா?"

"இப்பக் குடுக்கக் கூடாது மாமி. ஒதட்டுல நனச்சு மட்டும் விடுங்க. திருப்பையில தையல் மேல ஒரு கைய அணைவா வச்சுக்கிட்டு, முட்டிய மடக்கச் சொல்லி, தோளும் இடுப்பும் ஒண்ணாத் திரும்புற மாதிரித் திருப்புங்க. இருமல் வந்தாலும் கைய எடுக்காதீங்க. ரெத்தம் ரொம்பப் பட்டாக் கூப்பிட்டுச் சொல்லுங்க. வெக்கப்படாதீங்க, சும்மா சும்மா கூப்பிடுங்க."

"தையல் மேல கை. தோளும் இடுப்பும் ஒண்ணா."

"ஆமா மாமி."

"புள்ள எங்கேன்னு கேப்பா. என்ன சொல்ல?"

ரூபினாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சைனப் பதிலுக்காக அங்கேயே நின்றாள். பணியாளர் மறுபடியும் கூப்பிட்டாள்.